கட்டைவிரலின் சாட்சியம்

கையறுநிலை என்பது புறத்துறைகளுள் ஒன்று என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். பறம்பை இழந்த பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் வரும் பாட்டு இத்துறையைச் சார்ந்ததே. இத்துறையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், 'கை' என்பது இங்கே உறுப்பைக் குறிக்கவில்லை, செயலைக் குறிக்கிறது. செயலற்று நிற்கும் நிலையே கையறுநிலை என்று விளக்குவது நம் வழக்கம். அவ்வாறு விளக்கிய ஓர் ஆண்டில், எதிரே அமர்ந்திருந்த மாணவர் ஒருவருடைய கை உண்மையாகவே செயலற்றுக்கொண்டிருந்ததை நாம் கவனிக்கத் தவறினோம்.

அவர் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர். முத்து முத்தான கையெழுத்துக்குச் சொந்தக்காரர். அரையாண்டு விடுமுறைக்குப் பின் வந்த தேர்வுகளில் இரண்டு பக்கம் எழுதுவதும், பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதுமாக இருந்தார். எழுத்துகளும் கோணின. காரணம் கேட்டபோது, "கை வரமாட்டேங்குதுங்க ஐயா" என்றார். கையைப் பார்த்தோம். மணிக்கட்டில் ஆறிப்போன சிறு தழும்பு ஒன்றைத் தவிர வேறெதுவும் நம் கண்ணில் படவில்லை. படிக்காதவன் சொல்லும் சாக்கு என்று எண்ணி, எல்லோர் முன்னிலையிலும் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டோம்.

சில வாரங்கள் கழித்து, குருதிக்கொடை முகாமுக்காகக் கல்லூரிக்கு வந்திருந்த மருத்துவ நண்பரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னோம். அவர் அம்மாணவரை அழைத்து வரச் சொன்னார். ஒரு தாளை இரண்டாகக் கிழித்து, ஒவ்வொரு கையிலும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒன்றை இறுகப் பிடித்துக்கொள்ளும்படி கூறினார். பிறகு இரண்டையும் தம் பக்கமாக இழுத்தார். இடக்கைக் கட்டைவிரல் நேராக நின்று தாளை அழுத்திப் பிடித்தது. வலக்கைக் கட்டைவிரலோ நுனிக் கணுவில் கொக்கிபோல் வளைந்தது. சற்று நேரத்தில் தாளும் கையை விட்டு வந்துவிட்டது. "நரம்பு அறுந்திருக்கிறது" என்றார் நண்பர். சுண்டுவிரலும் மோதிர விரலும் சற்றே மடங்கி நின்றதையும், சுண்டுவிரல் நுனியில் தொடுவுணர்வு இல்லாததையும் அவர் காட்டிய பிறகுதான் கண்டோம். விடுமுறையில் கண்ணாடிப் புட்டியோடு தவறி விழுந்து மணிக்கட்டைக் கிழித்துக்கொண்டாராம். உள்ளூரில் தையல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். விரல்களில் உணர்வு இருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை.

அரை நிமிடம்கூடப் பிடிக்காத அந்தத் தாள் சோதனைக்கு ஃபுரோமான் குறி என்று பெயர். அது பிறந்த ஆண்டு 1915. அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, நம் வகுப்பறையில் நடந்ததுதான் அதன் பிறப்பிலும் இருந்தது என்று தெரிந்துகொண்டோம்: கை வரவில்லை என்று சொன்ன ஒருவனை மற்றவர்கள் நம்பாமற்போனது.

மூன்று நரம்புகள்

வரலாற்றுக்குள் நுழையுமுன் உடற்கூறு சிறிது தேவைப்படுகிறது. சங்கப் பாடல்களில் 'நரம்பு' பெரும்பாலும் யாழின் தந்தியைக் குறிக்கும். இன்றைய பேச்சு வழக்கிலோ, கையில் பச்சையாகப் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயையே நரம்பு என்கிறோம். மருத்துவர் சொல்லும் நரம்பு வேறு. மூளைக்கும் தசைக்கும் தோலுக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் வெண்ணிற இழைக்கற்றை அது. அது அறுந்தாலும் குருதி பீறிடுவதில்லை. அதனாலேயே எளிதில் கவனத்துக்குத் தப்பிவிடுகிறது.

கைக்கு வரும் முதன்மை நரம்புகள் மூன்று. ரேடியல் நரம்பு மணிக்கட்டையும் விரல்களையும் மேல்நோக்கி நிமிர்த்துகிறது. மேற்கையில் அது அடிபட்டால், கும்பிடுவதற்காக உயர்த்த முயலும் கையும் மணிக்கட்டில் தொங்கிவிடும். மீடியன் நரம்பு கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது. உள்ளங்கைப் பக்கத்தில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றின் தொடுவுணர்வும் அதைச் சேர்ந்ததே. சட்டைப் பொத்தானைக் கண்ணால் பாராமல் மாட்ட முடிவது அதன் தயவில்தான். மூன்றாவது, அல்னார் நரம்பு. முழங்கையின் மூலை கதவில் இடித்துக்கொள்ளும்போது சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்குமே, அது இந்த நரம்பு இடிபடுவதால் நேர்வது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் மறுபாதிக்கும் உணர்வைத் தருவதும், விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் செய்யும் உள்ளங்கைச் சிறு தசைகளுள் பெரும்பாலானவற்றை இயக்குவதும் இதுவே. கட்டைவிரலை ஆட்காட்டி விரலோடு ஒட்டிச் சேர்க்கும் தசையும் அவற்றுள் அடங்கும்.

தாள் சோதனையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. அல்னார் நரம்பு பழுதுபட்டவரால் அந்தச் சேர்க்கும் தசையைக் கொண்டு தாளைப் பிடிக்க இயலாது. ஆனால் 'பிடி' என்ற கட்டளை மூளையிலிருந்து வந்துவிட்டது. எனவே, மீடியன் நரம்பின் ஆட்சியில் இருக்கும் வேறொரு தசை, கட்டைவிரல் நுனியை வளைக்கும் தசை, உதவிக்கு வருகிறது. கட்டைவிரல் வளைவது அதனால்தான். இதைப் பிடிப்பவர் உணர்ந்து செய்வதில்லை. ஒரு தசை செயலிழந்ததையும் இன்னொன்று அதன் வேலையைச் செய்ய வந்ததையும் அந்த ஒரு வளைவு காட்டிக்கொடுக்கிறது. எந்தத் தசை எந்த நரம்பைச் சார்ந்தது என்று அறியாத ஒருவர் இதை நடித்துக் காட்டுவது கடினம்.

நம்பப்பட்ட கற்பனையும் நம்பப்படாத உண்மையும்

தசைகளைத் தனித்தனியே அறியும் வழியைப் பெரிதும் வகுத்துத் தந்தவர் பிரான்சின் துயூஷென். தோலின் மேல் மின்சாரம் செலுத்தி ஒவ்வொரு தசையாகச் சுருங்கவைத்துப் பார்த்தவர் அவர். 1867-இல் வெளிவந்த அவரது நூல் உடலசைவுகளின் இலக்கணம் போன்றது. அல்னார் நரம்பு செயலிழந்த கையில் விரல்கள் பறவையின் கால்நகம்போல் வளைவது ஏன் என்பதையும் அவர் விளக்கினார்.

நரம்புக் காயங்களுக்கென்றே தனி மருத்துவமனை தோன்றியது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863-இல், ஃபிலடெல்ஃபியா நகரின் டர்னர்ஸ் லேனில். சைலஸ் வியர் மிட்செல், ஜார்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் ஆகிய மூவரும் அங்கு பணியாற்றினர். நரம்பில் குண்டு பட்டவர்களின் கை பளபளவென்று சிவந்து தீயாய் எரிவதை அவர்கள் விரிவாக எழுதினர். 1864-இல் அவர்களது நூல் வெளியாயிற்று. அதே ஆண்டில் அம்மூவரும் சேர்ந்து இன்னொரு கட்டுரையும் வெளியிட்டனர். அதன் பொருள், நரம்பு நோய் இருப்பதாக நடிக்கும் வீரர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது. ஈதர் மயக்கத்தில் ஆழ்த்தி, நினைவு தடுமாறும் வேளையில் முடங்கிய உறுப்பு அசைகிறதா என்று பார்ப்பது அவர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று. நோயை அறியும் கலையும் நோயாளியைச் சந்தேகிக்கும் கலையும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தன.

இலக்கிய வாசகர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. மிட்செல் ஒரு புனைகதையாளரும்கூட. கைகால்கள் அனைத்தையும் போரில் இழந்த ஜார்ஜ் டெட்லோ என்னும் மருத்துவர் தன் கதையைத் தானே சொல்வதாக அவர் எழுதிய சிறுகதை, 1866-இல் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் ஆசிரியர் பெயரின்றி வந்தது. படித்தவர் பலர் அதை நடந்த கதை என்றே நம்பி மனமுருகினர். அந்த இல்லாத மனிதருக்கு உதவ முன்வந்தோரும் உண்டு. கற்பனை வீரனுக்குக் கிடைத்த அந்த நம்பிக்கை, டர்னர்ஸ் லேன் படுக்கைகளில் கிடந்த மெய்யான வீரர் பலருக்குக் கிடைக்கவில்லை.

1915

முதல் உலகப்போரின் தொடக்க மாதங்களில் கையில் குண்டு பட்டு வந்த பிரெஞ்சு வீரன் காயத்தோடு ஒரு சந்தேகத்தையும் சுமந்து வந்தான். போர்முனையிலிருந்து தப்பத் தன்னைத் தானே சுட்டுக்கொண்டானோ என்பதே அது. 1914 செப்டம்பரில் இக்குற்றச்சாட்டின் பேரில் மருத்துவச் சான்றிதழை நம்பி மரணதண்டனை விதிக்கப்பட்டவர்களுள் இருவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1918-இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டு அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டது. தாமதமாக வந்த அந்த நீதியால் அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

உயிர் பிழைத்து மருத்துவமனைக்கு வந்தவர்களையும் அடுத்த கேள்வி காத்திருந்தது. கை முடங்கியது நரம்பாலா, மனத்தாலா, நடிப்பாலா? அந்நாளில் பிரான்சில் இக்கேள்வியோடு நெடிது போராடியவர் ஜோசப் பாபின்ஸ்கி. நோயாளியின் விருப்பத்தால் உண்டாக்க முடியாத அடையாளங்களைத் தேடுவதே அவரது வாழ்நாள் வேலையாக இருந்தது. பாதத்தின் அடியைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி எழும் குறியை 1896-இல் வெளியிட்டவர் அவரே. போர்க்காலத்தில் அவரோடு இணைந்து பணியாற்றியவர் லியோன் நகரைச் சேர்ந்த ஜூல் ஃபுரோமான். உள்ளம் சார்ந்த முடக்கத்தையும் உடல் சார்ந்த முடக்கத்தையும் பிரித்தறிவது பற்றி இருவரும் எழுதிய நூல் 1917-இல் வந்தது. அதற்கு முன்பே, 1915-இல், அல்னார் முடக்கத்தில் காணும் கட்டைவிரல் குறியை ஃபுரோமான் வெளியிட்டிருந்தார். சோதனைக்கு வேண்டியதெல்லாம் ஒரு தாள். பழைய செய்தித்தாள் போதும். மின்கருவி வேண்டியதில்லை, மயக்க மருந்தும் வேண்டியதில்லை. கை வரவில்லை என்று ஒருவன் சொல்வது மெய் என்பதற்கு அவனுடைய கட்டைவிரலே சாட்சி நின்றது.

எறும்புகளின் பயணம்

அதே 1915-ஆம் ஆண்டு இன்னொரு குறியும் பிறந்தது. அதுவும் இரண்டு முறை. ஜெர்மானியரான பவுல் ஹோஃப்மான் முதலிலும், சில மாதங்கள் கழித்து பிரெஞ்சுக்காரரான ஜூல் தினெல் அடுத்தும் அதைத் தத்தம் நாட்டு இதழ்களில் வெளியிட்டனர். பகை நாடுகளின் மருத்துவர்கள் இருவர், இரு தரப்பு வீரர்களின் காயங்களிலிருந்து ஒரே உண்மையை வந்தடைந்திருக்கிறார்கள்.

அறுந்து தைக்கப்பட்ட நரம்பின் வழித்தடத்தில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே போகவேண்டும். ஓரிடத்தில் தட்டும்போது, நோயாளிக்கு அங்கே அல்லாமல், அந்நரம்பு சென்றடையும் விரல் பகுதியில் குறுகுறுக்கும். தினெல் இதற்கு இட்ட பெயரில் வரும் பிரெஞ்சுச் சொல், எறும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நாமும் 'எறும்பு ஊர்வது போல்' என்றுதானே சொல்கிறோம்! பாரிசுக்கும் நம் ஊருக்கும் இந்த உவமையில் வேறுபாடில்லை. வலித்தால் அது நரம்பின் எரிச்சலைக் குறிக்கும். எறும்பு ஊர்ந்தால் அது நரம்பு வளர்வதைக் குறிக்கும் என்று தினெல் பிரித்துக் காட்டினார். தளிர் இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். எறும்பு ஊரும் புள்ளி வாரந்தோறும் விரல் நுனியை நோக்கி நகர்ந்தால் நரம்பு உயிர்த்து வருகிறது என்று பொருள். நகராமல் ஓரிடத்திலேயே நின்றால் மீண்டும் அறுவை தேவைப்படலாம்.

ஃபுரோமானின் குறி நோயாளியின் சொல்லைக் கேட்காமலேயே அவனை நம்பவைத்தது. இந்தக் குறியோ அவன் சொல்லை முழுதும் நம்பினாலொழியப் பயன்படாது. எறும்பு எங்கே ஊர்கிறது என்பதை அவனையன்றி வேறு யார் சொல்ல இயலும்?

பேசவே தெரியாத குழந்தைக்கு என்ன வழி? அதற்கும் விடை கிடைத்தது. வெந்நீரில் நெடுநேரம் ஊறிய விரல்களின் தோல் சுருங்குவதை எல்லோரும் அறிவோம். நரம்பு அறுந்த விரலின் தோல் அவ்வாறு சுருங்குவதில்லை என்பதை 1973-இல் ஓ'ரியான் என்னும் மருத்துவர் சோதனையாக வகுத்தார். வியர்வையும் அவ்விரலில் சுரப்பதில்லை. தடவினால் வழுவழுவென்று உலர்ந்திருக்கும்.

குறிகளை அறிந்தவரும் தடுமாறும் இடம் ஒன்றையும் சொல்லவேண்டும். அல்னார் நரம்பு மணிக்கட்டில் அறுந்தால் விரல்கள் மிகவும் வளையும். மேலே முழங்கையில் அறுந்தால் குறைவாகவே வளையும். காயம் மேலே செல்லச் செல்லக் கேடு கூடத்தானே வேண்டும்? ஆனால், முழங்கையில் அறுந்தால் விரல் நுனிகளை மடக்கும் முன்கைத் தசையின் பகுதியும் சேர்ந்து செயலிழப்பதால் விரல்களை இழுத்து வளைக்க ஆளில்லை. நரம்பு வளர்ந்து அத்தசை முதலில் உயிர்பெறும்போது விரல்கள் முன்னைவிட அதிகமாக வளையத் தொடங்கும். வீட்டார் கை மோசமாகிவிட்டதென்று கலங்கும் அந்த நாளில்தான் கை தேறத் தொடங்கியிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவைக்காத மருத்துவர் தேவையற்ற துயரத்துக்குக் காரணமாகிறார்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதிகளுள் ஒன்று நம் மண்ணில் நடந்தது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு, தொழுநோய் மருத்துவரான ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மடங்கிய விரல்களுடன் இருந்த ஓர் இளைஞரிடம், தம் கையைப் பற்றி இறுக்கும்படி பிராண்ட் சொன்னார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவருக்குக் கை வலித்தது. நகங்கள் பதியுமளவுக்கு அந்தப் பிடி இறுகியிருந்தது. தொழுநோயில் விரல்கள் அழுகி வீணாகின்றன என்பதே அன்றைய பொதுநம்பிக்கை. அந்தப் பிடியோ வேறு செய்தி சொன்னது: முன்கைத் தசைகள் உயிரோடு இருக்கின்றன, உள்ளங்கைச் சிறு தசைகளே செயலிழந்திருக்கின்றன. துயூஷென் விளக்கிய அதே பறவை நகக் கை!

நோய் நரம்புகளைக் கண்டபடி தாக்குவதில்லை என்பதைப் பிராண்டும் அவர் குழுவினரும் கண்டனர். தோலுக்கு அருகே குளிர்ச்சியாக இருக்கும் இடங்களில், அல்னார் நரம்பை முழங்கையருகிலும் மீடியன் நரம்பை மணிக்கட்டருகிலும், அது பற்றுகிறது. ஆகவே எந்தத் தசை செயலிழக்கும், எது தப்பிப் பிழைக்கும் என்று முன்கூட்டியே கூறமுடிந்தது. பிழைத்த தசையின் நாணை எடுத்து விரல்களில் பொருத்தி மடங்கிய கைகளை விரிக்கும் அறுவை 1948 முதல் வேலூரில் நடந்தது. நரம்பின் குறிகளைச் சரியாகப் படித்ததே அந்த அறுவைகளுக்கு அடிப்படை.

பிராண்ட் கூறிய நிகழ்ச்சி ஒன்று பலரும் அறிந்தது. துருப்பிடித்த பூட்டை அவர் திறக்க முயன்று தோற்றபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கிச் சட்டெனத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தபோது எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருந்தது. சிறுவனுக்கு வலிக்கவேயில்லை. விரல்களைத் தின்றது நோயன்று, உணரப்படாத அன்றாடக் காயங்களே என்பது அவருக்கு இப்படித்தான் தெளிவாயிற்று.

பிரெஞ்சு வீரன் வலிக்கிறது என்றான், நம்புவார் இல்லை. இங்கேயோ வலி என்று சொல்லவே நோயாளிக்கு வாய்ப்பில்லை. அவர் சொல்லாததையும் கேட்டறிய வேண்டியிருந்தது. இன்றும் தொழுநோய்ப் பணியாளர்கள் செய்யும் சோதனை மிக எளியது. சுண்டுவிரலைப் பக்கவாட்டில் விரி, கட்டைவிரலை மேலே உயர்த்து, மணிக்கட்டை நிமிர்த்து. மூன்று அசைவுகள், மூன்று நரம்புகள். அவற்றை எதிர்த்துச் சற்றே அழுத்திப் பார்ப்பார்கள். தொடுவுணர்வைச் சோதிக்கப் பந்துமுனைப் பேனாவின் நுனி போதும். நரம்பு செயலிழந்து ஆறு மாதங்களுக்குள் கண்டறிந்து மருந்து கொடுத்தால் கை மீளும் வாய்ப்பு அதிகம். 2005 முடிவில் தேசிய அளவில் தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லை என்று இந்தியா அறிவித்தது. ஆனால் புதிய நோயாளிகள் இன்றும் கண்டறியப்படுகிறார்கள். பேனா முனையின் வேலை தீரவில்லை.

நம் மாணவருக்கு அரசு மருத்துவமனையில் நரம்பைத் தைத்தார்கள். காயம்பட்டவுடன் செய்திருந்தால் இன்னும் நன்றாகத் தேறியிருக்கும் என்றார்கள். மாதங்கள் சென்று ஒருநாள், சுண்டுவிரலில் எறும்பு ஊர்வதாக அவர் வந்து சொன்னபோது, அதன் பொருள் நமக்கு அப்போது தெரிந்திருந்ததால் மகிழ்ந்தோம். இறுதித் தேர்வைத் துணை எழுத்தர் வைத்து எழுதித் தேறினார். வகுப்பில் சொன்ன கடுஞ்சொல்லை வகுப்பிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கட்டுங்க ஐயா" என்றார். தாளை இழுத்தால் அவரது கட்டைவிரல் இன்றும் சிறிது வளைகிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணிக்கட்டிலோ உள்ளங்கையிலோ கண்ணாடியோ கத்தியோ கிழித்தால், காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மரத்துப்போக ஊசி போடுமுன் சுண்டுவிரல் நுனியையும் ஆட்காட்டி விரல் நுனியையும் தொட்டு உணர்வைக் கேளுங்கள். விரல்களை விரித்துச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு தாளைக் கொடுத்து இழுத்துப் பாருங்கள். ஐயம் தோன்றினால் தையலோடு நில்லாமல் கை அறுவை அறிந்த மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியப் பணியில் இருப்போருக்கு இன்னும் ஒன்று: மாணவர் ஒருவர் கை வரவில்லை என்று சொன்னால், முதலில் அந்தக் கையைப் பாருங்கள்.